கேலி தோற்றது, கணக்கு வென்றது!

ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். விடை விசித்திரமாக இருக்கிறது. கேட்பவர் என்ன செய்ய வேண்டும்?

கணக்கைச் சரி பார்க்க வேண்டும். தப்பு இருந்தால், "இந்த இடத்தில் தப்பு" என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். தப்பு இல்லை என்றால், விடையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிரிக்கக் கூடாது. "இப்படியும் நடக்குமா?" என்று கேலி செய்து, கணக்குப் போட்டவரை உட்கார வைக்கக் கூடாது.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சின்ன விஷயம் அல்ல. 1935-ம் ஆண்டில், லண்டன் மாநகரில், பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூடியிருந்த சபையிலேயே இந்தத் தவறு நடந்தது. கணக்குப் போட்டவர், சென்னையில் படித்த ஒரு வாலிபர். கேலி செய்தவர், உலகப் புகழ் பெற்ற மேதை. கணக்கு எதைப் பற்றியது? நட்சத்திரம் செத்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது!

யார் சொன்னது சரி என்பதை, பிறகு வானமே காட்டிவிட்டது. பிள்ளை வளர்ப்பவர்களும், பாடம் நடத்துபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

நட்சத்திரத்துக்கும் வயது உண்டு

நட்சத்திரம் என்றும் அழியாதது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. நட்சத்திரமும் பிறக்கிறது, வளர்கிறது, முதுமை அடைகிறது, சாகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மார்கழி மாதத்தில், இரவு 9 மணி சுமாருக்கு, மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஏறக்குறைய தலைக்கு மேலே, கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அது குழந்தைக் கூட்டம். அந்த நட்சத்திரங்கள் பிறந்து சுமார் 10 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. 10 கோடி ஆண்டு, நட்சத்திரத்துக்குக் குழந்தைப் பருவம்! நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி.

கார்த்திகைக்குக் கிழக்கே, சற்றுத் தள்ளி, செம்மஞ்சளாக மின்னுவது ரோகிணி. அது வயது முதிர்ந்த நட்சத்திரம். முதுமையில் உப்பிப்போய், சூரியனைப் போல 40 மடங்குக்கும் மேல் அகலமாகிவிட்டது.

இன்னும் கிழக்கே, சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. அது சாகும் தறுவாயில் இருக்கிறது. சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால், பூமியையும் செவ்வாயையும் கூட விழுங்கிவிடும். அவ்வளவு பெரிது! அது ஒரு நாள் வெடிக்கப் போகிறது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் வெடிக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

ஜாதகத்தில் எழுதும் மூன்று பெயர்கள். மூன்றும் மூன்று பருவம்!

ஓயாத இழுபறி

நட்சத்திரம் எப்படி எரிகிறது? அடுப்பில் விறகு எரிவது போல அல்ல.

சூரியனின் நடுப்பகுதியில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. அந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடு ஒன்று மோதி, சேர்ந்து, ஹீலியம் அணுக்களாக மாறுகின்றன. ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது. மாறும்போது சுமார் 40 லட்சம் டன் எடை குறைந்துபோகிறது. குறைந்த அந்த எடைதான் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் வெளியே வருகிறது. அந்த வெளிச்சம் பூமிக்கு வந்து சேர 8 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது.

ஒவ்வொரு நட்சத்திரத்திலும் ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. தன் சொந்தப் பாரத்தால் நட்சத்திரம் உள்ளே அமுங்கப் பார்க்கிறது. உள்ளே எரியும் வெப்பம் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வரை நட்சத்திரம் நிலையாக நிற்கிறது.

எரிபொருள் தீர்ந்தால்? வெளியே தள்ளும் கை ஓய்ந்துவிடும். உள்ளே அமுக்கும் கை ஓயாது!

பெரிய நட்சத்திரத்தில் எரிபொருள் அதிகம். அதனால் அது அதிக நாள் வாழும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. வரவு பெரிது, செலவு அதைவிடப் பெரிது. சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். சூரியனைப் போல 20 மடங்கு எடை உள்ள நட்சத்திரம், சுமார் 1 கோடி ஆண்டிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுச் சாகிறது.

ஒரு தேக்கரண்டி, ஒரு லாரி பாரம்

சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு ஆயுள் பாக்கி இருக்கிறது. அதன் பிறகு அது ரோகிணியைப் போல உப்பும், சிவக்கும். பிறகு மேல் பகுதி எல்லாம் ஆகாயத்தில் கலைந்து போகும். நடுவில் ஒரு சின்ன உருண்டை மிஞ்சும். அதன் அகலம், ஏறக்குறைய பூமியின் அகலம்தான். அதற்கு "வெள்ளைக் குள்ளன்" என்று பெயர்.

இப்படி ஒரு வெள்ளைக் குள்ளன் சிரியஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு வானத்தில் மிகவும் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அதற்கு ஒரு துணை உண்டு என்பதை 1862-ல் தொலைநோக்கியால் கண்டுபிடித்தார்கள். அந்தத் துணையின் எடை, ஏறக்குறைய சூரியனின் எடை. அளவு, ஏறக்குறைய பூமியின் அளவு. ஒரு சூரியனை ஒரு பூமிக்குள் அடைத்தது போல! அதிலிருந்து ஒரு தேக்கரண்டி அள்ளினால் 10 டன்னுக்கு மேல் எடை இருக்கும். அது ஒரு லாரி பாரம்!

இந்தக் குள்ளனுக்குள் எதுவும் எரியவில்லை. பிறகு ஏன் அது மேலும் அமுங்காமல் நிற்கிறது?

அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய துகள் எலெக்ட்ரான். எலெக்ட்ரான்களை ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால், அவை எதிர்த்துத் தள்ளும். திருவிழா பஸ்ஸில் கூட்டம் நெருக்கும்போது, உள்ளே இருப்பவர்கள் முழங்கையால் தள்ளுவது போல. நெருக்க நெருக்க அவை இன்னும் வேகமாக ஓடும். இன்னும் பலமாகத் தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் வெள்ளைக் குள்ளனைத் தாங்கிப் பிடிக்கிறது. இதை 1926-ல் எடுத்துச் சொன்னவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பவுலர்.

எல்லா நட்சத்திரத்துக்கும் இதுதான் முடிவு என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியைக் கெடுத்தார் ஒரு வாலிபர்!

திருவல்லிக்கேணிப் பள்ளி மாணவர்

அவர் பெயர் சந்திரசேகர். தமிழ்க் குடும்பம். தந்தை ரெயில்வே கணக்கு அதிகாரி. அவர் லாகூரில் வேலை பார்த்தபோது, 1910 அக்டோபர் 19-ல் பிறந்தார் சந்திரசேகர். விஞ்ஞானி சர் சி. வி. ராமன் அவருக்குச் சிற்றப்பா.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு கடற்கரையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1928-ல் ஜெர்மனியின் பெரிய விஞ்ஞானி சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். மாணவர் சந்திரசேகர் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார்.

மாணவர் படித்து வைத்திருந்த பாடம் எல்லாம் பழையதாகிவிட்டது என்று சோமர்பெல்டு சொன்னார். ஆனால் அதோடு விட்டாரா? இல்லை. இன்னும் அச்சில் வராத தம் கட்டுரையையே கொடுத்து, படிக்கச் சொன்னார்! அதைப் படித்துத் தாமே ஒரு கட்டுரை எழுதினார் சந்திரசேகர். 1929-ல் அது லண்டனில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 18 அல்லது 19 தான்.

பெரியவர் இப்படித்தான் இருக்க வேண்டும். குறையைச் சொன்னார், வழியையும் காட்டினார்.

கப்பலில் போட்ட கணக்கு

1930-ல் சர்க்கார் உதவிச் சம்பளம் கிடைத்தது. இங்கிலாந்து போக வேண்டும். தாயார் சீதாலட்சுமி நோயாய்க் கிடந்தார். மகனுக்குப் போக மனம் இல்லை. தாயார்தான் போகச் சொன்னார். 1931-ல் அவர் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

1930 ஜூலை 31-ல் பம்பாயில் கப்பல் ஏறினார் சந்திரசேகர். வயது 19. கப்பலில் வேலை எதுவும் இல்லை. காகிதமும் பேனாவும் எடுத்தார். வெள்ளைக் குள்ளனைப் பற்றிக் கணக்குப் போட்டார்.

அவர் கேட்ட கேள்வி இதுதான். நெருக்க நெருக்க எலெக்ட்ரான்கள் வேகமாக ஓடுகின்றன. சரி. ஆனால் ஒளியை விட வேகமாக எதுவும் ஓட முடியாதே! ஐன்ஸ்டீன் அப்படித்தானே நிரூபித்திருக்கிறார்? ஓட்டம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும்?

விடை கிடைத்தது. அந்த நிலையில் எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு போதாது. நட்சத்திரத்தின் பாரம் ஓர் எல்லைக்கு மேல் போனால், பாரம்தான் வெல்லும். எலெக்ட்ரான்கள் தோற்கும். நட்சத்திரம் அமுங்கும், மேலும் அமுங்கும், நிற்காது!

அந்த எல்லை, சூரியனின் எடையைப் போல சுமார் 1.4 மடங்கு என்று பிறகு திருத்தமாகக் கணக்கிடப்பட்டது. இன்று உலகம் முழுவதும் அதற்குப் பெயர் "சந்திரசேகர் எல்லை".

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.4 என்பது நட்சத்திரம் பிறக்கும்போது உள்ள எடை அல்ல. மேல் பகுதி எல்லாம் கலைந்து போன பிறகு, நடுவில் மிஞ்சும் உருண்டையின் எடை. சூரியனைப் போல சுமார் 8 மடங்கு எடையோடு பிறக்கும் நட்சத்திரம்கூட, வாழ்நாளில் பெரும் பகுதியை உதறிவிட்டு, வெள்ளைக் குள்ளனாக முடியலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்டோனர் என்பவரும், எஸ்தோனியாவில் ஆண்டர்சன் என்பவரும் இதே வழியில் கணக்குப் போட்டார்கள். ஆனால் நட்சத்திரத்தின் உள் அமைப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் விடாமல் உழைத்து, அதை நிலைநாட்டியவர் சந்திரசேகர்.

சபையில் எழுந்த சிரிப்பு

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரசேகருக்கு வயது 24. தம் கணக்கை எடுத்துச் சொன்னார். பெரிய நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது. வேறு முடிவைத்தான் தேட வேண்டும் என்றார்.

அடுத்துப் பேச எழுந்தார் சர் ஆர்தர் எடிங்டன். எப்படிப்பட்டவர்? 1919-ல் சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்கக் கரை அருகே உள்ள தீவுக்குப் போய், நட்சத்திர ஒளி வளைவதைப் படம் பிடித்து, ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று உலகுக்குக் காட்டியவர். நட்சத்திரங்களைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அப்போது யாரும் இல்லை. சந்திரசேகரின் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அவர் அடிக்கடி வந்து விசாரித்ததும் உண்டு. ஆனால் சபையில் எதிர்க்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை!

சந்திரசேகர் சொல்வது நடந்தால், நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒளியைக் கூட வெளியே விடாது என்றார் எடிங்டன். இப்படி ஓர் அசட்டுக் காரியத்தை இயற்கை நடக்க விடாது. அதைத் தடுக்க ஏதாவது ஒரு விதி இருக்கும் என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எடிங்டன் சொன்ன அந்த "அசட்டுக் காரியம்"தான் கருந்துளை! இன்று உலகமே ஒப்புக்கொண்ட உண்மை. அது அன்றைக்கே அவர் வாயில் வந்துவிட்டது. வந்தும், அதை நம்ப அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

அவர் கணக்கில் தப்பு எங்கே என்று ஒழுங்காகக் காட்டவில்லை. விடை பிடிக்கவில்லை, அதனால் கணக்குத் தப்பு என்றார். அதே 1935-ல் பாரிஸ் நகரில் நடந்த மாநாட்டிலும் எதிர்த்துப் பேசினார். பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை.

பேசாதவர்களும் குற்றவாளிகளே

அந்தக் காலத்தில் அணு விஞ்ஞானத்தில் தலை சிறந்தவர்கள் நீல்ஸ் போர், பவுலி ஆகியோர். சந்திரசேகரின் கணக்கு சரி என்பது அவர்களுக்குத் தெரியும். தனியாகச் சொன்னார்கள். ஆனால் எடிங்டனை எதிர்த்துப் பகிரங்கமாக அறிக்கை விட முன்வரவில்லை.

பெரிய மனிதர் தவறு செய்வது ஒரு குற்றம் என்றால், தவறு என்று தெரிந்தும் மற்றவர்கள் வாய் மூடி இருப்பது இரண்டாவது குற்றம். வாலிபரைத் தனியே அழைத்து, "உன் பக்கம்தான் நியாயம்" என்று காதோடு சொல்வதால் என்ன பயன்? சபையில் நடந்த கேலிக்குச் சபையில் அல்லவா பதில் வேண்டும்!

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1937-ல் அமெரிக்காவுக்குப் போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலையில் சேர்ந்தார். 1939-ல், நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி முடித்தார். பிறகு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

கருந்துளை ஆராய்ச்சி சூடு பிடித்தது 1960-களில்தான். எடிங்டன் ஒருவரால்தான் இவ்வளவு தாமதம் என்று சொல்லிவிட முடியாது. நடுவில் உலகப் போர் வந்தது. வானத்தைப் பார்க்கும் புதிய கருவிகள் அப்போது இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். சிரிப்புக்கு ஆளான விஷயத்தில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

வானம் சொன்ன பதில்

சந்திரசேகர் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகிறது? இன்று தெரியும்.

பெரிய நட்சத்திரத்தின் நடுப்பகுதி ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் உள்ளே சரிகிறது. மேல் பகுதி வெடித்துச் சிதறுகிறது. 1054-ம் ஆண்டில் அப்படி ஒரு வெடிப்பைச் சீன தேசத்தவர் பார்த்து எழுதி வைத்தார்கள். 23 நாள் பகலிலும் அது தெரிந்ததாம்!

அந்த வெடிப்பால் லாபமும் உண்டு. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும், எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும், என்றோ செத்துப்போன நட்சத்திரங்களின் அடுப்பில் வெந்தவை. அவை வெடித்துச் சிதறியதால்தான் பூமியும் உண்டாயிற்று, மனிதனும் உண்டானான்.

வெடித்த பிறகு நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் நியூட்ரான் நட்சத்திரம். அகலம் சுமார் 20 கிலோ மீட்டர்தான். எடையோ சூரியனை விட அதிகம்! இதை முதலில் கண்டவர் ஜோசலின் பெல் என்ற மாணவி. ஆண்டு 1967. வயது 24. அவரும் கேம்பிரிட்ஜ்தான்!

வானொலி அலைகளைப் பதிவு செய்யும் நீளமான காகிதத்தில் சிறு கிறுக்கல் போல ஏதோ தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். பெல் விடவில்லை. அது 1.3 விநாடிக்கு ஒரு முறை துடிப்பதைக் கண்டார். மனிதர்களின் கருவியில் இருந்து வரும் இரைச்சலாக இருக்கும் என்று அவருடைய பேராசிரியர் முதலில் நினைத்தார். ஆனால் சிரித்து ஒதுக்கவில்லை. வேறொரு கருவியை வைத்துச் சோதித்தார்கள். உண்மை என்று தெரிந்தது. சில மாதத்தில் உலகுக்கு அறிவித்தார்கள்.

சிரித்ததற்கும் சோதித்ததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்றுக்குப் பல பத்தாண்டு ஆயிற்று. மற்றொன்று சில மாதத்தில் முடிந்தது.

ஆனால் 1974-ல் நோபல் பரிசு பேராசிரியருக்குக் கிடைத்தது; மாணவிக்குக் கிடைக்கவில்லை. 2018-ல் வேறொரு பெரிய பரிசு பெல்லைத் தேடி வந்தது. 30 லட்சம் டாலர்! அவ்வளவையும் ஏழை மாணவர்களும், வாய்ப்புக் கிடைக்காதவர்களும் படிக்கும்படி உதவிச் சம்பளத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கருந்துளை: பயம் வேண்டாம்

மிஞ்சிய உருண்டை நியூட்ரான் நட்சத்திரத்தாலும் தாங்க முடியாத அளவுக்குக் கனமாக இருந்தால், அதுதான் கருந்துளை.

பூமியை விட்டு ஒரு ராக்கெட் தப்பிப் போக, விநாடிக்கு சுமார் 11 கிலோ மீட்டர் வேகம் வேண்டும். கருந்துளையை விட்டுத் தப்ப ஒளியின் வேகம்கூடப் போதாது. ஒளியின் வேகம் விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர்! ஒளியே வெளியே வராததால் அது கறுப்பு.

கருந்துளை எல்லாவற்றையும் தேடி வந்து விழுங்கும் பூதம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். அது தப்பு. சூரியனின் இடத்தில் அதே எடையுள்ள கருந்துளை இருந்தால், பூமி இப்போது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சம்தான் இருக்காது. சூரியன் கருந்துளை ஆகவும் ஆகாது. அதற்கு வேண்டிய எடை அதனிடம் இல்லை. இதைச் சொல்வதும் சந்திரசேகரின் கணக்குத்தான்!

1971-ல், அன்னப் பறவை மண்டலத்தில் ஒரு நட்சத்திரம், கண்ணுக்குத் தெரியாத கனமான ஒன்றைச் சுற்றி வருவதைக் கண்டார்கள். சூரியனைப் போல சுமார் 21 மடங்கு எடை. அதுவே உறுதியான முதல் கருந்துளை.

2015 செப்டம்பர் 14-ல், இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகிய அதிர்வு பூமியில் பதிவாயிற்று. அந்த மோதல் நடந்து சுமார் 130 கோடி ஆண்டுகள் ஆகின்றன!

2019 ஏப்ரல் 10-ல், ஒரு ராட்சதக் கருந்துளையின் நிழல் படம் வெளியாயிற்று. 2022 மே 12-ல், நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையின் படமும் வந்தது. ஒளி வளையத்தின் நடுவே கறுப்பு வட்டம். அந்தப் படம் வராத பத்திரிகை இல்லை. எடிங்டன் சிரித்த காரியத்தை இன்று பள்ளிப் பிள்ளைகள் படமாகப் பார்க்கிறார்கள்!

53 ஆண்டுக்குப் பிறகு

1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் கணக்குப் போட்டபோது வயது 19. பரிசு வாங்கும்போது வயது 73.

1995-ல் அவர் காலமானார். 1999-ல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய பெரிய தொலைநோக்கிக்கு "சந்திரா" என்று அவர் பெயரை வைத்தார்கள். கருந்துளையைச் சுற்றிச் சூடேறும் வாயுவை அது படம் பிடித்து வருகிறது.

எடிங்டன் 1944-ல் இறந்தார். அப்போது சந்திரசேகர் என்ன செய்தார் தெரியுமா? அவரை மனமாரப் புகழ்ந்து அஞ்சலி செலுத்தினார். 1982-ல் எடிங்டனுக்கு நூற்றாண்டு. அப்போதும் கேம்பிரிட்ஜுக்குப் போய், அவர் காலத்தில் அவருக்கு ஈடு இல்லை என்று சொற்பொழிவு ஆற்றினார். தம்மைக் கேலி செய்தவரின் பெருமையை ஒரு கடுகளவும் குறைக்கவில்லை!

எடிங்டன் கெட்டவர் அல்லர். மேதை. மேதைக்கும் தப்பு வரும் என்பதுதான் பாடம். ஒருவர் நேற்று சரியாகச் சொன்னார் என்பதற்காக, இன்று சொல்வதும் சரியாகிவிடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

லண்டன் சபையில் நடந்தது நம் வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது. பையன் ஏதோ கேட்கிறான். "பெரிய மேதாவி! வாயை மூடு" என்கிறார் அப்பா. பெண் ஒரு யோசனை சொல்கிறாள். "உனக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்கிறாள் பாட்டி. வகுப்பில் ஒரு மாணவன் வேறு வழியில் கணக்குப் போடுகிறான். "புத்தகத்தில் இந்த வழி இல்லை" என்று பூஜ்யம் போடுகிறார் வாத்தியார். வகுப்பே சிரிக்கிறது. அந்தப் பையன் மறுபடி கை தூக்குவானா?

இதற்காக, பிள்ளைகள் சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அல்ல. பத்து யோசனையில் ஒன்பது தப்பாக இருக்கலாம். தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கே தப்பு என்று காட்டிச் சொல்ல வேண்டும். "இது எப்படி வந்தது? போட்டுக் காட்டு" என்று கேட்டால் போதும். தப்பு இருந்தால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். தப்பு இல்லை என்றால், பெரியவருக்கு ஒரு புது விஷயம் கிடைக்கும். இரண்டும் லாபம்தானே!

இப்படிச் செய்தால் பெரியவர்களுக்கு மரியாதை போய்விடும் என்று சிலர் பயப்படலாம். போகாது. குறையைச் சொல்லி வழியும் காட்டிய சோமர்பெல்டுவின் மரியாதை குறைந்ததா? சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டதால் பெல்லின் பேராசிரியருக்கு நஷ்டம் வந்ததா? சிரித்த எடிங்டனின் பெயரில்தான் ஒரு கறை ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகளும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சரியான கணக்குப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். கேலி செய்தால் கோபப்பட்டுக் கிழித்துப் போடக் கூடாது. சந்திரசேகர் எழுதி வைத்தார். அதனால்தான், காலம் வந்தபோது உலகம் எடுத்துப் பார்க்க முடிந்தது.

நட்சத்திரத்தின் தலைவிதியைப் பெரிய மனிதர்களின் விருப்பு வெறுப்பு தீர்மானிப்பது இல்லை. அதன் எடைதான் தீர்மானிக்கிறது. ஒரு சொல்லை மதிப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். சொன்னவரின் வயதைப் பார்க்கக் கூடாது. பதவியைப் பார்க்கக் கூடாது. சொல்லின் எடையைப் பார்க்க வேண்டும்.